வைஃபை ஆன் ஆகாத போனும் சோர்ந்துபோகும் வெள்ளீயமும்

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "போன்ல வைஃபை பட்டனைத் தொட்டா ஆன் ஆகற மாதிரி போய், உடனே அணைஞ்சுடுது. ப்ளூடூத்தும் வரல. நெட் கார்டு போட்ட டேட்டா மட்டும் நல்லா ஓடுது. பக்கத்து வீட்டு அத்தை, அரிசி டின்ல ரெண்டு நாள் புதைச்சு வைங்கறாங்க. தம்பி ஹேர் டிரையர்ல சூடு காட்டினான், கொஞ்ச நேரம் வேலை செஞ்சுது. அது எப்படி?"

அந்தக் கடைசிக் கேள்விக்காகவே இந்தக் கட்டுரை.

முதலில் சுலபமானவற்றை முடித்துவிடுவோம். ஏரோப்ளேன் மோடைப் போட்டு எடுப்பது, போனை அணைத்து மறுபடி போடுவது, சிஸ்டம் அப்டேட் வந்திருந்தால் ஏற்றுவது, நெட்வொர்க் செட்டிங்ஸை ரீசெட் செய்வது. ரீசெட் செய்தால் சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகள் போய்விடும், குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கோளாறு மென்பொருளில் இருந்தால் பெரும்பாலும் இதற்குள் சரியாகிவிடும்.

சரியாகாவிட்டால்? பட்டனைத் தொட்டதும் உள்ளே நடப்பதைப் பார்க்க வேண்டும். போனின் இயங்குதளம் வைஃபை சிப்புக்கு மின்சாரம் கொடுத்து, அது இயங்குவதற்கான சிறிய நிரலை அதற்குள் அனுப்புகிறது. பிறகு சிப்பின் பதிலுக்காகக் காத்திருக்கிறது. பதில் வந்தால் பட்டன் ஆன் நிலையில் நிற்கும். குறித்த நேரத்துக்குள் வராவிட்டால் இயங்குதளம் முயற்சியைக் கைவிட்டு, பட்டனைப் பழைய இடத்துக்கே தள்ளிவிடும். வாசகி பார்ப்பது இதைத்தான்.

இதை உறுதிசெய்ய ஒரு வழி உண்டு. செட்டிங்ஸில் 'போனைப் பற்றி' என்ற பகுதியில் வைஃபையின் மேக் முகவரியை, அதாவது அந்தச் சிப்பின் அடையாள எண்ணைப் பாருங்கள். 02:00:00:00:00:00 என்றோ, கிடைக்கவில்லை என்றோ இருந்தால், இயங்குதளத்துக்கு அந்தச் சிப்போடு பேச்சுவார்த்தையே இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். பல போன்களில் வைஃபையும் ப்ளூடூத்தும் ஒரே சிப்பில்தான் இருக்கின்றன. செல் டேட்டாவுக்கு வேறு சுற்று. அதனால் முதல் இரண்டும் சேர்ந்து படுத்து, டேட்டா மட்டும் ஓடினால், சந்தேகம் நேராக அந்தச் சிப்பின் மேல் விழுகிறது.

சிப் செத்திருக்க வேண்டும் என்பதில்லை. அது போர்டோடு, அதாவது உள்ளிருக்கும் மின்சுற்றுப் பலகையோடு, ஒட்டியிருக்கும் இடம் விட்டிருக்கலாம்.

சிப்பின் அடியில் மில்லிமீட்டரில் சிறு பங்கு அளவுள்ள சால்டர் குண்டுகள், அதாவது உருக்கி ஒட்டும் உலோகக் கலவையின் உருண்டைகள், வரிசை வரிசையாக இருக்கின்றன. பெரும்பகுதி வெள்ளீயம், கொஞ்சம் வெள்ளி, துளி செம்பு. ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலையில், முன்பு சால்டரில் கலந்திருந்த காரீயத்துக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்த பிறகு உலகமே இந்தக் கலவைக்கு மாறியது. நல்ல முடிவு, காரீயம் நஞ்சு. ஆனால் இந்தப் புதிய சால்டர் விறைப்பானது, கீழே விழும் அதிர்ச்சியைத் தாங்குவது குறைவு.

சிப் சிலிக்கனால் ஆனது. போர்டு கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்தது. ஒரு டிகிரி சூடு ஏறினால் சிலிக்கன் பத்து லட்சத்தில் மூன்று பங்கு விரியும், போர்டு சுமார் பதினைந்து பங்கு விரியும். 5 மில்லிமீட்டர் சதுரச் சிப் ஒன்று 40 டிகிரி சூடேறினால், மூலையில் உள்ள குண்டு ஒன்றரை மைக்ரானுக்கு மேல் பக்கவாட்டில் இழுபடும் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஆறினால் திரும்பி வரும். சித்திரை வெயிலில் பைக்கில் மாட்டி வைத்த போன், சார்ஜ் போட்டபடி படம் ஓடும் போன், ஹாட்ஸ்பாட் போட்டு வீட்டுக்கே நெட் கொடுக்கும் போன், எல்லாவற்றிலும் இந்த இழுபறி தினமும் நடக்கிறது. நடுவிலிருந்து தூரம் அதிகமென்பதால் விரிசல் பெரும்பாலும் மூலைக் குண்டில்தான் தொடங்கும்.

ஒரு மைக்ரானுக்கா உலோகம் உடையும்? இங்கேதான் எனக்குப் பிடித்த சங்கதி வருகிறது. ஓர் உலோகம் எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்பதை அதன் உருகுநிலையோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும், அதுவும் மைனஸ் 273 டிகிரி செல்சியஸைப் பூஜ்யமாக வைத்து எண்ணும் கெல்வின் அளவில். இந்தச் சால்டர் 217 டிகிரி செல்சியஸில் உருகத் தொடங்கும், அதாவது 490 கெல்வின். சூடான போனின் 45 டிகிரி என்பது 318 கெல்வின். உருகுவதற்கான பாதையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தூரம் போயாயிற்று! இரும்பு அதே நிலைக்கு வர வேண்டுமானால் கொல்லன் உலையில் 900 டிகிரியில் செக்கச் சிவந்திருக்க வேண்டும். நம் சட்டைப் பையில் இருக்கும்போதே சால்டர் அந்த நிலையில்தான் இருக்கிறது. கும்பகோணத்து வீடுகளில் ரசம் வைக்கும் ஈயச்சொம்பும் வெள்ளீயம்தான். காலியாக அடுப்பில் வைத்தால் உருகி ஓடிவிடும் என்று பாட்டிமார் பதறுவது அதனால்தான்.

இப்படித் தளர்ந்த உலோகம் இழுத்தால் மெல்ல ஊர்ந்து கொடுக்கும். திரும்பத் திரும்ப ஊர்ந்ததில் உள்ளே படிகங்கள் இடம் மாறி, அவற்றின் ஓரங்களில் நுண்ணிய விரிசல் பிறந்து, ஒருநாள் குண்டின் குறுக்கே ஓடிவிடும். ஹேர் டிரையர் காட்டும்போது எல்லாம் விரிந்து, போர்டும் லேசாக வளைந்து, விரிசலின் இரு கரைகளும் தொட்டுக்கொள்ளும். சிப் பதில் சொல்லும். ஆறினால் விலகிவிடும். தம்பி செய்தது பழுதுநீக்கம் ஆகாது, ஆனால் நோய் எங்கே என்று காட்டிய நல்ல சோதனை. திரும்பத் திரும்பச் செய்ய வேண்டாம். பேட்டரிக்கு அந்தச் சூடு ஆபத்து.

அரிசி டின் விஷயத்துக்கு வருகிறேன். கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதத்துக்காக மல்லுக்கட்டும் டெல்டாக்காரர்களுக்கு, தானியம் தனக்குள்ளேயே ஈரம் வைத்திருப்பது என்று நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அது போனுக்குள் இருக்கும் நீரை வெளியே இழுக்காது. நீர் போனாலும் அதிலிருந்த உப்பு போர்டில் தங்கி அரிக்கும். ஆப்பிள் நிறுவனமே 2024-ல், நனைந்த ஐபோனை அரிசியில் வைக்காதீர்கள், துகள்கள் உள்ளே போய்க் கெடுக்கும் என்று சொல்லிவிட்டது. வாசகியின் போன் நனையவே இல்லை. அதற்கு அரிசியில் என்ன வேலை?

நாகப்பட்டினத்து உப்புக் காற்றிலும் தஞ்சாவூர் வெயிலிலும் வாழும் போன்களின் செத்த போர்டுகள் நம் சர்வீஸ் கடைகளில் மூட்டையாகக் கிடக்கின்றன. திருச்சி என்.ஐ.டி.யில் உலோகவியல் துறை இருக்கிறது, டெல்டா முழுக்கப் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. அந்தப் போர்டுகளை அறுத்து நுண்ணோக்கியில் பார்க்க மாணவர்களுக்குச் சிறு நிதி ஒதுக்கினால், இந்த மண்ணின் சூட்டிலும் ஈரத்திலும் எது முதலில் உடைகிறது என்ற அறிவு நமக்கே சொந்தமாகக் கிடைக்கும். பெரிய திட்டங்களுக்குக் கோடிகளைத் தேடும் நாம் இதற்குச் சில ஆயிரங்களைத் தேடலாம்.

வாசகிக்கு: முதலில் கேபிள் போட்டுப் படங்களையும் தொடர்பு எண்களையும் கணினிக்கு மாற்றிவிடுங்கள். பிறகு நுண்ணோக்கி வைத்து ரீபாலிங் செய்யும் கடையில் கொடுங்கள். சிப்பைக் கழற்றி, பழைய சால்டரை வழித்துவிட்டு, புதுக் குண்டு வைத்து ஒட்டுவார்கள். வெறுமனே ஹாட் ஏர் காட்டித் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள், அது தம்பியின் வைத்தியத்துக்கு அண்ணன்தான். வேலை முடிந்ததும் அங்கேயே அரைமணி நேரம் வீடியோ ஓடவிட்டுச் சூடாக்கி, ஆறவிட்டு, இரண்டு நிலையிலும் வைஃபை ஆன் ஆகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.