சிறுநீர்ப் பையில் அவுரி நீலம்

நீண்ட நாள் படுக்கையில் இருக்கும் முதியவருக்குச் சிறுநீரைக் குழாய் வழியே சேகரிக்கப் பொருத்தப்பட்ட பை சில வேளைகளில் ஊதா நிறமாக மாறிவிடுவதுண்டு. மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும் சேர்ந்திருப்பவர்களிடம் இது தோன்றும். பையைப் பார்த்து உறவினர்கள் பதறிப்போகும் அந்த நிறத்தில் இருப்பது, அவுரிச் செடியிலிருந்து நாம் எடுத்துவந்த அதே நீலச் சாயமும் அதன் உறவான ஒரு சிவப்புச் சாயமுமே. அந்தச் சாயத்தின் தொடக்கம் பெருங்குடலில் இருக்கிறது.

பருப்பிலும் முட்டையிலும் உள்ள புரதத்தில் டிரிப்டோபான் என்ற அமினோ அமிலம் உண்டு. சிறுகுடலில் உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்கு வந்துசேரும் அதன் ஒரு பகுதியை ஈ. கோலை போன்ற பாக்டீரியாக்கள் இண்டோலாகச் சிதைக்கின்றன. இதற்கான நொதி மனித செல்களில் இல்லை. மலம் குடலில் தேங்கினால் பாக்டீரியாக்களுக்கு இதற்குக் கூடுதல் நேரம் கிடைக்கிறது. இண்டோல் கல்லீரலுக்குச் சென்று இண்டாக்சில் சல்பேட்டாக மாற, அதைச் சிறுநீரகம் வெளியேற்றுகிறது. பையில் வளரும் கிருமிகள் அதை உடைக்கும்போதுதான் சாயம் பிறக்கிறது.

சாயத்தால் பெரிய கேடில்லை. கேடு, சிறுநீரகம் பழுதாகி இண்டாக்சில் சல்பேட் இரத்தத்திலேயே தேங்கும்போது நேர்கிறது. அது சிறுநீரக நுண்குழல்களின் செல்களையும் இரத்தக்குழாயின் உட்சுவரையும் தாக்குகிறது. அதன் 90 விழுக்காட்டுக்கும் மேலான பகுதி ஆல்புமின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருப்பதால், யூரியாவை எளிதில் வடிக்கும் டயாலிசிஸ் இதனிடம் திணறுகிறது. பெருங்குடல் அகற்றப்பட்ட டயாலிசிஸ் நோயாளிகளின் இரத்தத்தில் இப்பொருள் மிகக் குறைவாக இருந்ததை 2011இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதன் ஊற்று எங்கே என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பாதிப்பு எதிர்த்திசையிலும் செல்கிறது. இரத்தத்தில் மிகுந்த யூரியா குடலுக்குள் கசிய, பாக்டீரியாக்கள் அதை அம்மோனியாவாக்குகின்றன. அதனால் குடற்சுவரின் செல்களுக்கிடையிலான பிணைப்பு தளர்கிறது. பழுதான சிறுநீரகத்தால் சரியாக வெளியேற்ற முடியாத பொட்டாசியத்துக்கு அஞ்சி நோயாளிகள் காய்கனிகளைக் குறைக்கும்போது நார்ச்சத்தும் குறைந்து, அதை நொதிக்கவைத்து, குடற்சுவரின் செல்களுக்கு உணவாகும் பியூட்டிரேட்டைத் தரும் நல்ல பாக்டீரியாக்கள் பட்டினி கிடக்கின்றன.

இண்டோலைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும், மிகச்சிறு கரி உருண்டைகளாலான மருந்து ஜப்பானில் 1991 முதல் புழக்கத்தில் உள்ளது. பிற நாடுகளில் நடந்த பெரிய சோதனைகளில் அது நோயின் வேகத்தைக் குறைக்கவில்லை. எளிதில் செரிக்காத மாவுச்சத்தைச் சில வாரங்கள் உண்ட டயாலிசிஸ் நோயாளிகளிடமோ இண்டாக்சில் சல்பேட் குறைந்தது. ஆகவே சிறுநீரக நோயாளியிடம் மலச்சிக்கல் பற்றியும் கேட்டறிவது சிகிச்சையின் பகுதியாக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். காய்களை நறுக்கி நிறைய நீரில் வேகவைத்து வடித்துவிட்டால் பொட்டாசியம் கணிசமாகக் குறையும், நாரின் பெரும்பகுதி தங்கிவிடும். எந்தக் காய், எவ்வளவு என்பதை இரத்தப் பரிசோதனையைப் பார்த்து மருத்துவரே சொல்ல வேண்டும்.