செடி தழைக்கிறது, பூவைக் காணோம்: வீட்டுத் தோட்டத்தில் மொட்டு பிறக்கும் விதம்

எந்தப் பூச்செடியானாலும் அதன் கிளை நுனியில் வெறும் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒரு திசு இருக்கிறது. ஆக்குத்திசு என்று தாவரவியலில் அதற்குப் பெயர். அதன் செல்கள் ஓயாமல் பிரிந்துகொண்டே இருக்கும். அந்தப் புதுச் செல்கள் இலையாக வேண்டுமா, பூவாக வேண்டுமா என்பது அங்கேதான் தீர்மானமாகிறது. மொட்டு வைக்கச் சொல்லும் தூண்டுதல் செடிக்குச் செடி வேறு. மல்லிகைக்குப் புதுக் கிளை வேண்டும். செவ்வந்திக்கு இருண்ட, நீண்ட இரவு வேண்டும். காகிதப்பூவுக்குக் கொஞ்சம் தாகம் வேண்டும். மாடியில் வரிசையாகத் தொட்டி வைத்து எல்லாவற்றுக்கும் ஒரே அளவு தண்ணீரும் ஒரே உரமும் கொடுத்தால் இலை எல்லாவற்றிலும் வரும், பூ சிலவற்றில்தான் வரும்.

முதலில் வெயில். பூ என்பது செடிக்குச் செலவு. இதழ், மணம், தேன் எல்லாமே இலையில் தயாரான சர்க்கரையிலிருந்து வருபவை. மல்லிகை, ரோஜா, செம்பருத்தி, செண்டுமல்லி ஆகியவற்றுக்கு நாளைக்குக் குறைந்தது 5 முதல் 6 மணி நேரம் நேரடி வெயில் தேவை. கனகாம்பரம் பாதி நிழலிலும் பூக்கும். இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பலர் மறந்துவிடுவது சூரியனின் நகர்வு. சென்னை போன்ற ஊரில் ஜூன் மாத நண்பகலில் சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கே நிற்கும். டிசம்பரில் தெற்கே நன்றாகச் சாய்ந்துவிடும். ஆறடிச் சுவருக்கு வடக்கே இருக்கும் தொட்டி ஜூனில் வெயிலில் குளித்திருக்கும். அதே சுவர் டிசம்பர் நண்பகலில் வடக்கே சுமார் நாலரை அடி நீளத்துக்கு நிழல் போடும். கோடையில் பூத்துக் குலுங்கிய செடி மார்கழியில் சோம்பிப் போனால், உரத்தைத் தேடுவதற்கு முன் தொட்டியை நகர்த்திப் பாருங்கள்.

இனி குண்டுமல்லி. தமிழ்நாட்டில் அதிகம் வாங்கப்படுவதும், பூக்கவில்லை என்று அதிகம் புலம்பப்படுவதும் இந்தச் செடிதான். இதன் மொட்டுகள் புதிதாக விட்ட கிளையின் நுனியில், பெரும்பாலும் மூன்று மூன்றாகச் சேர்ந்து வரும். பூத்து முடிந்த நுனி அத்தோடு நின்றுவிடும். அடுத்த பூ வேண்டுமானால் அதற்குக் கீழே உள்ள கணுவிலிருந்து புதுக் கிளை வர வேண்டும். ஆகவே மல்லிகையில் எத்தனை இளங்கிளையோ அத்தனை கொத்துப் பூ. கவாத்து செய்யாத, அதாவது கிளைகளை வெட்டிவிடாத செடி ஒன்றிரண்டு நீளக் கொடியாக ஓடிக்கொண்டிருப்பதற்கு ஆக்சின் என்னும் ஹார்மோன் காரணம். கிளை நுனியில் உருவாகிக் கீழ்நோக்கி இறங்கும் இது, கணுக்களில் கிளையாக வளரக் காத்திருக்கும் பக்க மொட்டுகளை விழிக்க விடாமல் அடக்கி வைக்கும். நுனியை வெட்டி எடுத்துவிட்டு, வெட்டிய இடத்தில் ஆக்சினைத் தடவினால் பக்க மொட்டுகள் தொடர்ந்து உறங்கியே கிடக்கின்றன என்பதை 1930-களில் தாவர ஆய்வாளர்கள் திமனும் ஸ்கூகும் அவரைக் குடும்பச் செடியில் செய்து காட்டினார்கள். நுனியை வெட்டினால் அந்த அடக்குமுறை போகிறது, வேரிலிருந்து ஏறும் சைட்டோகைனின் என்னும் இன்னொரு ஹார்மோனும் தண்டில் சேர்ந்த சர்க்கரையும் பக்க மொட்டுகளுக்குப் போய்ச் சேருகின்றன.

குண்டுமல்லிக்குக் கவாத்துக் காலம் நவம்பர் கடைசி வாரம். தரையில் நட்ட செடியை மண்ணிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் வெட்ட வேண்டும். தொட்டிச் செடியைப் பாதி உயரத்துக்குக் குறைத்தால் போதும். வெட்டுவதற்குச் சில நாட்களுக்கு முன்பே தண்ணீரைக் குறைத்துவிடுங்கள். காய்ந்தவை, நோயுற்றவை, ஒன்றையொன்று உரசும் குச்சிகள் எல்லாவற்றையும் அடியோடு எடுத்துவிட வேண்டும். அடைமழை நடக்கும் வாரத்தில் வெட்டினால் ஈரக் காயத்தில் பூஞ்சை இறங்கும். மழை விட்டபின் வெட்டி, வெட்டுவாயில் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்னும் பூஞ்சைக்கொல்லியைக் குழைத்துத் தடவுவது நல்லது. ஜாதிமல்லிக்கு டிசம்பர் கடைசி, முல்லைக்கு ஜனவரி கடைசி என்று காலம் மாறும். மூன்றையும் ஒரே நாளில் வெட்டக் கூடாது. குளிர் மாதங்களில் ஓய்ந்திருக்கும் குண்டுமல்லி, மார்ச்சில் வெப்பம் ஏறியதும் புதுக் கிளைகளில் மொட்டு வைக்கத் தொடங்கும். கோடை முழுக்க ஒவ்வொரு சுற்றுப் பூ முடிந்ததும் பூத்த நுனியை இரண்டு கணு சேர்த்துக் கிள்ளிவிட்டால் அடுத்த சுற்று விரைவில் வரும்.

தரையில் வளரும் நன்கு முதிர்ந்த மல்லிகைக்கு ஆண்டுக்கு 10 கிலோ தொழுவுரமும், 60 கிராம் தழைச்சத்து (நைட்ரஜன்), 120 கிராம் மணிச்சத்து (பாஸ்பரஸ்), 120 கிராம் சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) பரிந்துரைக்கப்படுகின்றன. இரசாயனச் சத்துகளை இரண்டாகப் பிரித்து, கவாத்து முடிந்ததும் பாதி, ஜூன் ஜூலையில் பாதி கொடுக்க வேண்டும். இந்த எண்களில் கவனிக்க வேண்டியது விகிதம்: தழைச்சத்து மற்ற இரண்டிலும் பாதிதான். கடலைப் புண்ணாக்குத் தண்ணீரை வாராவாரம் ஊற்றுபவர்களின் மல்லிகை கரும்பச்சையாகத் தளதளத்து நிற்பதும் பூக்காமல் போவதும் இதனால்தான். புண்ணாக்கில் அதிகம் இருப்பது தழைச்சத்து. அது தாராளமாகக் கிடைக்கும்வரை செடி இலையையும் தண்டையுமே நீட்டிக்கொண்டிருக்கும். மாதம் ஒருமுறை போதும்: 100 கிராம் புண்ணாக்கை ஒரு லிட்டர் தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்து, தெளிந்ததைப் பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து ஊற்றுங்கள். மொட்டு கண்ணில் பட்டதும் அதையும் நிறுத்திவிடலாம்.

செவ்வந்தியின் கதை முற்றிலும் வேறு. இது நாளின் நீளத்தை அளக்கும் செடி. 1920-இல் அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த கார்னரும் அல்லார்டும், கோடை முழுக்கப் பூக்காமல் வளர்ந்துகொண்டே போன ஒரு புகையிலை ரகம் பகல் குறுகினால் மட்டுமே பூக்கிறது என்று கண்டு வெளியிட்டார்கள். 1938-இல் ஹாம்னர், பானர் என்னும் ஆய்வாளர்கள் இன்னொரு படி போனார்கள்: செடி உண்மையில் அளப்பது பகலை அன்று, இடைவிடாத இருட்டை. நடு இரவில் சிறிது நேரம் விளக்கைப் போட்டு இருட்டைத் துண்டித்தாலே குறும்பகல் செடி பூப்பதைக் கைவிட்டுவிடும். இலையில் உள்ள ஃபைட்டோகுரோம் என்னும் நிறமிதான் ஒளியை உணர்கிறது. அதிலும் சிவப்பொளியை மிக நுட்பமாக.

அளப்பது இலை, பூப்பது நுனி. இரண்டுக்கும் நடுவே செய்தி எப்படிப் போகிறது என்ற கேள்விக்கு விடை தேட உதவியதே செவ்வந்திதான். சோவியத் அறிவியலாளர் சைலக்கியான் 1930-களில் செவ்வந்தியின் மேல்பாதி இலைகளை உருவிவிட்டு, கீழ்பாதி இலைகளுக்கு மட்டும் குறும்பகல் காட்டினார். இலையே இல்லாத நுனி பூத்தது. இலையில் உருவாகி நுனிக்குப் பயணிக்கும் ஒரு பொருள் இருக்க வேண்டும் என்று கருதி அதற்கு ஃப்ளோரிஜென் என்று பெயரிட்டார். அது எஃப்.டி. என்னும் புரதம் என்பதற்கு வலுவான சான்று 2007-இல்தான் கிடைத்தது. எழுபது ஆண்டுத் தேடல்!

இதில் நமக்குக் கிடைக்கும் பாடம் நேரடியானது. தெருவிளக்கின் கீழோ, விடிய விடிய எரியும் வாசல் விளக்கின் அருகிலோ செவ்வந்தித் தொட்டி இருந்தால், மொட்டு தாமதமாகும், சில ரகங்களில் வராமலே போகும். ஆகஸ்ட் முடிவிலிருந்து தொட்டியை வெளிச்சம் படாத மூலைக்கு மாற்றுங்கள். மாற்ற இடமில்லையென்றால் மாலை 6 மணிக்குக் கருப்புத் துணியால் கூண்டு போல மூடி, காலை 7 மணிக்கு எடுங்கள். மொட்டுகள் நிறம் காட்டும்வரை இதைத் தொடர வேண்டும். துணி செடியின் மேல் படாமல் நான்கு குச்சி ஊன்றிக்கொள்வது அவசியம். காற்றில்லாமல் புழுங்கினால் இலைப்புள்ளி நோய் வரும். நட்ட நான்காவது வாரத்தில் நுனியைக் கிள்ளினால் செடி புதராகும். ஆனால் இருட்டுக் காலம் தொடங்கிய பின் கிள்ளக் கூடாது. கிள்ளினால் உருவாகிக்கொண்டிருக்கும் மொட்டே கையோடு வந்துவிடும். பூத்து முடிந்த செடியைத் தூக்கி எறிய வேண்டாம். தண்டை வெட்டிவிட்டால் அடியிலிருந்து கன்றுகள் கிளம்பும். அவற்றைப் பிரித்து நட்டு அடுத்த பருவத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

காகிதப்பூ பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதைப் பட்டினி போடுங்கள். சின்னத் தொட்டி, முழு வெயில், மேல் மண் நன்றாகக் காய்ந்து இலை லேசாகத் துவளும்போது மட்டும் தண்ணீர். நாம் பூ என்று நினைக்கும் நிறப்பகுதி பூவடிச் செதில். உண்மைப் பூ நடுவில் இருக்கும் வெண்மையான சிறு குழல். நன்றாக மொட்டு வைத்தபின் தண்ணீரைச் சீராக்கிவிட வேண்டும், இல்லையேல் செதில்கள் உதிரும்.

ரோஜாவில் முதல் தவறு நர்சரியிலிருந்து வந்த அன்றே நடக்கிறது. பல செடிகள் கெட்டிக் களிமண் உருண்டையில் வருகின்றன. அதை அப்படியே நம் இளகிய மண்கலவையில் நட்டால், சுற்றியுள்ள மண் ஈரமாக இருக்கும், உருண்டைக்குள் தண்ணீர் இறங்காது. காய்ந்து சுருங்கிய களிமண்ணுக்குள் வேர் சிறைப்பட்டுக் கிடக்கும். உருண்டையை அரை மணி நேரம் வாளித் தண்ணீரில் வைத்து, வெளிப்புறக் களியை விரலால் மெதுவாகக் கரைத்துவிட்டு, நடுப்பகுதியை உடைக்காமல் நடுங்கள். இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு நன்கு மக்கிய உரம், இரண்டு மூன்று முறை கழுவிய தென்னைநார்க் கழிவு ஒரு பங்கு என்ற கலவை பொருந்தும். கழுவாத நார்க்கழிவில் உப்பு இருக்கும்.

அடுத்தது ஒட்டு. ஒட்டுக்கட்டிய தடிப்புக்குக் கீழேயிருந்து வேகமாக, நேராக ஒரு கிளை வருகிறதென்றால் அது வேர்ச்செடியின், அதாவது நல்ல ரகத்தைத் தாங்க அடியில் வைத்து ஒட்டிய வேறு செடியின் கிளை. வளர்த்தால் மேலே உள்ள நல்ல ரகத்தைப் பட்டினி போட்டுவிடும். கத்தரிக்காமல், தோன்றிய இடத்திலேயே கீழ்நோக்கிப் பிய்த்தெடுங்கள். கத்தரித்தால் மிச்சமிருக்கும் கணு மறுபடி துளிர்க்கும். வாடிய பூவை வெட்டும்போது, ஐந்து சிற்றிலை கொண்ட முதல் நல்ல இலைக்கு அரை சென்டிமீட்டர் மேலே, வெளிப்புறம் பார்க்கும் பக்க மொட்டை ஒட்டிச் சாய்வாக வெட்ட வேண்டும். அந்த மொட்டு தடிமனான கிளையைத் தரும். ஏறத்தாழ ஆறு ஏழு வாரத்தில் அதன் நுனியில் பூ இருக்கும். நுனியிலிருந்து கறுத்துக்கொண்டே இறங்கும் குச்சியைக் கண்டால், கறுப்புக்குக் கீழே இரண்டு அங்குலம் பச்சைத் தண்டையும் சேர்த்து வெட்டுங்கள்.

இலை மஞ்சளாவது எல்லாச் செடிக்கும் பொதுவான தொல்லை, எந்த இலை மஞ்சளாகிறது என்று பார்த்தால் பாதிக் காரணம் புரிந்துவிடும். அடி இலை முழுதாக வெளுத்தால் தழைச்சத்துப் பற்றாக்குறை. செடி பழைய இலையிலிருந்து அதை எடுத்துப் புது இலைக்குக் கொடுக்கிறது. அடி இலையில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் மக்னீசியம். நுனி இலை நரம்பு மட்டும் பச்சையாக வெளுத்தால் இரும்பு, ஏனென்றால் இரும்பைச் செடியால் இடம் மாற்ற முடியாது. மல்லிகையில் அடிக்கடி காண்பது இந்த மூன்றாவது. பல வீடுகளில் மண்ணில் இரும்பு இல்லாததால் அன்று, போர் தண்ணீரின் பைகார்பனேட் மண்ணைக் காரமாக்கி இரும்பைக் கரையாமல் பூட்டிவிடுவதால் வருவது. லிட்டருக்கு 5 கிராம் இரும்பு சல்பேட்டைக் கரைத்து மாலையில் இலையில் தெளியுங்கள், மாதம் ஒருமுறை, பச்சை திரும்பும்வரை. கரைசலை அன்றே பயன்படுத்திவிட வேண்டும். பழுப்பாக மாறியது பயன்படாது. மழைத்தண்ணீர் கிடைக்கும் நாட்களில் தொட்டியின் அடித்துளை வழியே நன்றாக வழியும்வரை ஊற்றி, சேர்ந்த உப்பைக் கழுவிவிடுங்கள்.

செம்பருத்தி மொட்டு விரியாமல் உதிர்ந்தால், ஒருநாள் காய்ந்து மறுநாள் வெள்ளமாகத் தண்ணீர் ஊற்றுவது ஒரு காரணம். மாவுப்பூச்சி இன்னொரு காரணம்: எறும்பு வரிசையைத் தொடர்ந்து போனால் அது இருக்கும் இடம் தெரியும். குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடித்துவிட்டு, லிட்டருக்கு 5 மி.லி. வேப்ப எண்ணெயும் 1 மி.லி. சோப்புக் கரைசலும் கலந்து வெயில் தணிந்தபின் தெளிக்கலாம். இரண்டும் இல்லையென்றால் உதிர்ந்த மொட்டை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே மிகச் சிறிய புழுக்கள் நெளிந்தால் அது மொட்டு ஈ. மல்லிகை மொட்டின் அடி வீங்கி, ஊதா நிறமாகி வாடுவதற்கும் இதே ஈதான் காரணம், எனவே இரண்டு செடிகளையும் சேர்த்தே கவனிக்க வேண்டும். புழு மொட்டிலிருந்து வெளியேறி மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகும். மேலே மருந்து அடித்து மட்டும் இதை ஒழிக்க முடியாது. உதிர்ந்ததையும் நிறம் மாறிய மொட்டுகளையும் தினமும் காலையில் பொறுக்கி, பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி வெயிலில் போட்டுவிட்டு, தொட்டி மேல்மண்ணை வாரம் ஒருமுறை ஓர் அங்குல ஆழத்துக்குக் கிளறிக் காயவிடுங்கள். குறைந்தது ஒரு மாதம் விடாமல் செய்ய வேண்டும்.