டவர் நடுவுல சைரன் மாட்டச் சொல்றவங்களுக்கு

போன ஆகஸ்ட்ல ஒரு டவர் ஓனர் என்கிட்ட கேட்டது இதுதான்: "பாதி உயரத்துல நல்லா பெரிய சைரனா ஒண்ணு மாட்டிடுங்க, எவனாவது ஏறினா ஊரே அலறணும், பய பயந்துட்டு இறங்கிடணும்." மனுஷன் தங்கமானவர், பில் போட்ட அன்னைக்கே காசு குடுக்கிறவர், ஆனா அன்னைக்கு நான் முடியாதுன்னுட்டேன். ஏன் முடியாதுன்னு அவருக்கு ஒரு மணி நேரம் போன்ல சொன்னதைத்தான் இங்க எழுதறேன், ஏன்னா இதே சைரன் ஐடியாவோட வருஷத்துக்கு ரெண்டு பேராவது வர்றாங்க.

நான் இருக்கிறது டெக்சஸ்ல, டல்லாஸ் பக்கம். வேலை செக்யூரிட்டி அலாரம், கேமரா, சென்சார் மாட்டறது. இங்க தெக்கால சீடர் ஹில்னு ஒரு ஊர், டிவி, ரேடியோ டவரெல்லாம் ஒரே இடத்துல பனைமரம் மாதிரி நிக்கும், நிறைய டவர் 1,500 அடிக்கு மேல. இந்த மாதிரி உயரமான டவர்ங்கள தேடி வந்து, மேல ஏறி பாராசூட்டோட குதிக்கிறவங்கதான் பேஸ் ஜம்பர்ங்க. பில்டிங், ஆன்டெனா, ஸ்பான், எர்த், இந்த நாலோட முதல் எழுத்துதான் பேஸ், ஸ்பான்னா பாலம், எர்த்னா மலை உச்சி. கார்ல் போனிஷ்னு ஒரு கேமராமேன், அவரும் அவர் கூட்டாளிங்களும் வச்ச பேரு. அவர் 1984ல நார்வேல ஒரு மலைச்சுவர்லேருந்து குதிச்சே செத்துப்போனார்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், ஜம்பர் திருடன் இல்ல. டவர் சைட்டுக்கு அலாரம் போடறதே முக்கியமா காப்பர் திருடனுக்காகத்தான், தரையில பதிச்சிருக்கிற எர்த் பட்டையையே வெட்டி எடுத்துட்டுப் போயிடுவான். ஜம்பர் எதையும் எடுக்க மாட்டான், நல்ல ஜம்பர்னா பூட்டைக்கூட உடைக்க மாட்டான், அவங்களுக்குள்ளயே அதுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு, சத்தமில்லாம வந்து சத்தமில்லாம போகணும், அடுத்தவன் குதிக்க வர்ற இடத்தைக் கெடுக்கக் கூடாது. அதனால பாதி ஓனருக்கு ஆள் வந்துட்டுப் போனதே தெரியாது, ஆறு மாசம் கழிச்சு யாரோ அனுப்பற வீடியோல அவர் டவரை அவரே பாப்பாரு.

சரி, ஏன் சைரன் வேணாம்? ஏணியில 800 அடியில தொங்கிட்டிருக்கிறவன் காதுகிட்ட திடீர்னு அலறினா அவன் என்ன பண்ணுவான்னு யோசிங்க. இறங்க மாட்டான். ஏறினவன் முதுகுல பாராசூட் இருக்கு, கீழ போலீஸ் வரப்போகுது, அவன் கணக்குல சீக்கிரமா போற வழி குதிக்கறதுதான். காத்து எப்படி அடிக்குதுன்னு நிதானமா பாத்திருக்க வேண்டியவன், சுத்தி மூணு பக்கமும் ஸ்டே கம்பி இழுத்துக் கட்டியிருக்கிற டவர்லேருந்து அவசரத்துல குதிப்பான். பாராசூட் கொஞ்சம் திரும்பி விரிஞ்சா நேரா கம்பியிலயோ டவர்லயோ போய் மோதுவான். நம்ம மாட்டின சைரனே அவனைக் கொன்ன மாதிரி ஆயிடும். பாராசூட் இல்லாம செல்ஃபி எடுக்க ஏறின பதினாறு வயசுப் பையனா இருந்தா, கை வழுக்கினா அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம் இதைவிட மோசம், கண்ணுக்குத் தெரியாதது. ஏ.எம். ரேடியோ டவர் இருக்கே, அதுல ஆன்டெனான்னு தனியா எதுவும் மாட்டியிருக்காது, டவரே ஆன்டெனா. அடியில ஒரு பெரிய பீங்கான் இன்சுலேட்டர், அது மேலதான் மொத்த இரும்பும் நிக்குது. குருவி வந்து உக்காந்தா ஒண்ணும் ஆகாது, தரையில கால் வச்சுட்டு நாம கையை வச்சா நம்ம உடம்பு வழியா கரன்ட் தரைக்கு இறங்கும். அந்த ஆர்.எஃப். சூடு, அதாவது ரேடியோ அலையோட சூடு, மேல் தோலோட நிக்காது, உள்ள போய் வேகவைக்கும். அதனாலதான் ஏ.எம். டவர் அடியைச் சுத்தி பூட்டின வேலி கண்டிப்பா இருக்கணும்னு எஃப்.சி.சி., அதாவது ரேடியோ, டிவியைக் கட்டுப்படுத்தற அமெரிக்க அரசு ஆணையம், சட்டமே போட்டிருக்கு. அந்த டவர் மேல இருக்கிற சிவப்பு விளக்குக்குக்கூட நேரா ஒயர் இழுக்க முடியாது, ரெண்டு பெரிய வளையம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு கோத்து, ஆனா தொடாம நிக்கும், ஆஸ்டின் டிரான்ஸ்ஃபார்மர்னு பேரு, அந்த இடைவெளியைத் தாண்டி காந்தப் புலம் வழியாத்தான் கரன்ட் போகும். முதல் தடவ பாத்தப்ப நான் பத்து நிமிஷம் வேலையை விட்டுட்டு அதையே பாத்துட்டு நின்னேன். ஒரு விளக்குக்கே இந்தப் பாடுன்னா, டவர் மேல சென்சார் மாட்டணும்னா என்ன பாடுன்னு பாத்துக்கோங்க.

எஃப்.எம்., டிவி டவர்ல தொட்டா அடிக்காதுதான், ஆனா எஃப்.எம். ஆன்டெனா பல டவர்ல பக்கவாட்டுல ஏணிக்குக் கைக்கெட்டற தூரத்துலயே இருக்கும், ஏறறவன் அந்த ஆர்.எஃப். சூட்டுக்குள்ளயே அதைத் தாண்டித்தான் போகணும். யூ.எச்.எஃப். டிவின்னா அமெரிக்கால 1,000 கிலோவாட் ஈ.ஆர்.பி. வரைக்கும் அனுமதி, ஈ.ஆர்.பி.ன்னா ஆன்டெனா வீசற பக்கம் கணக்குப் போடற பவர். பெயின்ட் அடிக்க, பல்பு மாத்த ஏறற ஆளுங்க முன்கூட்டியே ரேடியோ, டிவி ஸ்டேஷனுக்கு போன் போட்டு பவரைக் குறைக்கச் சொல்லிட்டுத்தான் கால் வைப்பாங்க. ராத்திரி ரெண்டு மணிக்குத் திருட்டுத்தனமா ஏறறவன் யாருக்கு போன் போடுவான்?

அதனால நான் சொல்றது ஒண்ணுதான், ஆளைக் கண்டுபிடிக்க வேண்டிய இடம் வேலி. ஏணியில முதல் படி வைக்கறதுக்கு முன்னாடி. 1,500 அடி ஏற ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும்னாலும் அவனைத் தடுக்க நமக்குக் கிடைக்கறது வேலிக்கும் ஏணிக்கும் நடுவுல இருக்கிற ரெண்டு நிமிஷம்தான்.

இப்ப சென்சார் கதைக்கு வருவோம். கடையில விலை கம்மியா கிடைக்கிற பி.ஐ.ஆர். சென்சார் ஆளைப் பாக்கறதில்ல, சூடு நகர்றதைப் பாக்குது. உடம்புச் சூட்டுக்கும் பின்னாடி இருக்கிற தரைச் சூட்டுக்கும் வித்தியாசம் இருந்தாத்தான் அதுக்குத் தெரியும். டெக்சஸ் கோடையில வெயில் குடிச்ச கான்கிரீட் சாயங்காலம் எட்டு மணிக்கும் கொதிச்சுட்டு இருக்கும், அப்ப அது பாதிக் குருடு. ஜனவரில அதே சென்சார் முயல் ஓடினாக்கூட கத்தும். மைக்ரோவேவ் சென்சாருக்கு சூடு பிரச்சனை இல்ல, ஆனா காத்துல வேலி ஆடினா அதுக்கு அதுவும் ஆள்தான். ரெண்டையும் ஒரே டப்பால வச்சு, ரெண்டும் சேர்ந்து ஆமான்னா மட்டும் அலாரம் அடிக்கற டூயல் டெக் இருக்கு, வெளியிடத்துக்கு நான் அதுக்குக் கீழ எதுவும் மாட்டறதில்ல. டவர் பக்கத்துல நீள ஒயர் இழுத்தா அந்த ஒயரே ஆன்டெனா ஆகி ரேடியோவைப் புடிச்சு சும்மா அலாரம் அடிக்கும், அதனால ஷீல்டு ஒயர், இல்லன்னா ஃபைபர். இதுல காசு மிச்சம் புடிக்காதீங்க.

ஒரு சைட்ல தினமும் ராத்திரி மூணு மணிக்கு அலாரம். ரெக்கார்டிங்க பாத்தா ஒரு சிலந்தி. கேமராவோட இன்ஃப்ராரெட் லைட்டுக்குப் பூச்சி வரும், பூச்சிக்காக சிலந்தி லென்சுக்கு முன்னாடியே வலை கட்டியிருக்கு, காத்தடிச்சா அது ஆடும், மோஷன்னு மெசேஜ் போகும். இன்னொரு இடத்துல காட்டுப் பன்னி வேலியில முதுகு சொறிஞ்சுட்டுப் போகும். ஆனா சிலந்தியைவிட ஆபத்து என்னன்னா, அந்த சைட் பொறுப்பாளர் ரெண்டாவது வாரமே அந்த நோட்டிஃபிகேஷனை சைலன்ட்ல போட்டுட்டாரு. அப்புறம் நாலு மாசம் அலாரம் இருந்துச்சு, கேக்கறதுக்கு ஆள் இல்ல. 2014ல நியூயார்க்ல கட்டி முடியற நேரத்துல இருந்த ஒன் வேர்ல்ட் ட்ரேட் சென்டர் உச்சிக்கு ஒரு பதினாறு வயசுப் பையன் ஏறிட்டான், வேலியில இருந்த சின்ன இடுக்கு வழியா நுழைஞ்சு, தூங்கிட்டிருந்த கார்டைத் தாண்டி. அதுக்கு முந்தின செப்டம்பர்ல அதே கட்டடத்துலேருந்து மூணு பேர் குதிச்சிருந்தாங்க. அத்தனை கோடி டாலர் பில்டிங்.

அலாரம் வந்தா என்ன செய்யணும்ங்கறதும் எழுதி சுவத்துல ஒட்டியிருக்கணும். நான் எழுதிக் குடுக்கறது: முதல்ல ஸ்பீக்கர்ல மனுஷக் குரல்ல பேசணும், அப்புறம் போலீசுக்கு போன், ஆள் ஏணியைத் தொட்டுட்டான்னா ரேடியோ, டிவி ஸ்டேஷன் இன்ஜினியருக்கு போன் போட்டு பவரைக் குறைக்கச் சொல்லணும். கார்டு பின்னாலயே ஏறவே கூடாது, கீழேருந்து டார்ச் அடிச்சுக் கத்தவும் கூடாது. டெக்சஸ்ல லைசன்ஸ் உள்ள ரேடியோ, டிவி டிரான்ஸ்மிஷன் இடம்னா சட்டத்துல முக்கியக் கட்டமைப்பு, அத்துமீறி நுழைஞ்சா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில், 4,000 டாலர் வரைக்கும் ஃபைன். அது போலீஸ் பாத்துக்கட்டும். குதிச்சே ஆகணும்னா ஐடஹோ மாநிலத்துல பெரைன் பாலம் இருக்கு, 486 அடி, வருஷம் பூரா பர்மிட் இல்லாமலே குதிக்கலாம், இதையும் வேலி போர்டுல எழுதி வைங்கன்னு ஒருத்தர்கிட்ட சொன்னேன், சிரிச்சாரு, எழுதல.

அந்த ஆகஸ்ட் ஓனர் கடைசில ஒத்துக்கிட்டாரு. வேலியில டூயல் டெக், ஒரு தெர்மல் கேமரா, ஒரு ஸ்பீக்கர். அக்டோபர்ல ஒரு ராத்திரி ரெண்டே முக்காலுக்கு ரெண்டு பேர் வேலிகிட்ட நின்னாங்க, முதுகுல மூட்டை. மானிட்டரிங்ல இருந்த பொண்ணு ஸ்பீக்கர்ல, "உங்கள பாத்துட்டுதான் இருக்கேன், டவர்ல பவர் ஓடுது, திரும்பிப் போயிடுங்க"ன்னு சாதாரணமா சொல்லுச்சு. ரெண்டு பேரும் கேமராவைப் பாத்தாங்க, ஒருத்தன் கையைக் காட்டினான், போயிட்டாங்க. நான் அந்த வீடியோவை ஓனருக்கு அனுப்பினேன். பாத்துட்டு அவர் கேட்டது, "இதுக்கு சைரனே போட்டிருந்தா இன்னும் கம்மியா முடிஞ்சிருக்குமில்ல?"