மீன் இல்லாத இழுப்பு

பாம்பன் பக்கம் கைத்தூண்டில் போடுகிறவர் மீனைக் கண்ணால் பார்ப்பதில்லை. தூண்டில் நூலான தங்கூசியை ஆள்காட்டி விரலில் தாங்கியபடி வள்ளத்தில் உட்கார்ந்திருப்பார். கீழே மீன் இரையைக் கொத்தினால் விரலுக்குத் தெரியும். கூட வந்த பயல் குறும்பாகத் தங்கூசியைச் சுண்டிவிட்டால்? "மாட்டிருச்சு" என்று வெட்டி இழுப்பார். விரலைக் குறை சொல்ல முடியாது, அதற்கு வந்த சேதி அப்படி.

கண்ணை மூடியிருக்கும்போது கை எங்கே இருக்கிறது என்று மூளை அறிவதும் பெரும்பாலும் இப்படித்தான். தசைக்குள் சில மில்லிமீட்டர் நீளத்தில் தசைக்கதிர்கள் என்ற உணர்விகள் இருக்கின்றன. தசை நீண்டால் அவையும் இழுபட்டு, நரம்பு வழியே துடிப்புகளை அனுப்பும். மேற்கையின் முன்பக்கத் தசை நீள்கிறதா? அப்படியானால் முழங்கை விரிகிறது. மூளையின் கணக்கு அவ்வளவுதான்.

சரி, இந்தத் தங்கூசியை எப்படிச் சுண்டுவது? அந்தத் தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாணின் மேல், முழங்கை மடிப்பை ஒட்டி, நொடிக்கு 70 முதல் 100 முறை அதிரும் கருவியை வைத்தால் போதும். ஒவ்வொரு அதிர்வும் தசைக்கதிரைத் துளி இழுத்துவிடுகிறது. கை அசையாமலே இருக்க, முழங்கை விரிவதாகத் தோன்றும். பின்பக்கத் தசைநாணில் வைத்தால் மடங்குவதாகத் தோன்றும். 1972இல் குட்வின், மெக்ளோஸ்கி, மேத்யூஸ் ஆகிய ஆய்வாளர்கள் இதை விளக்கிக் காட்டினார்கள். 1988இல் லாக்னர் ஒரு படி மேலே போய், மூக்கைப் பிடித்திருப்பவரின் கையில் அதிர்வு கொடுத்தார். கை விலகுகிறது, ஆனால் மூக்கோ விரலிலேயே இருக்கிறது. அப்புறமென்ன, மூக்கு நீள்வதாக மூளை முடிவு கட்டிவிட்டது!

ஒரு மசாஜ் கருவியை வைத்து நானும் முயன்றேன். முதலில் தசையின் நடுவில் வைத்ததால் வெறும் குறுகுறுப்புதான். மடிப்பருகே நகர்த்தியதும் கை மெல்ல விரிந்தது. கண்ணைத் திறந்தேன், போச்சு.

மெய்நிகர் உலகக் கருவிகளைச் செய்கிறவர்களுக்கு இதில் ஆசை வந்தது இயல்பே. கையை நிஜமாக இழுக்கக் கனமான இயந்திரச் சட்டம் வேண்டும், இதற்குச் சிறு அதிர்வி போதும். திரையில் தெரியும் கையும் ஒத்து அசைந்தால் கண்ணும் எதிர்க்காது.

எனக்குப் பிடித்தது வேறொன்று. கையை இழந்த சிலருக்கு, கைக்குப் போன நரம்புகளை அறுவை சிகிச்சையில் வேறு தசைகளோடு இணைப்பதுண்டு. 2018இல் மராஸ்கோ என்ற ஆய்வாளரின் குழு அந்தத் தசைகளை அதிரச் செய்தபோது, இல்லாத கை மூடுவதைக் கையை இழந்தவர்கள் உணர்ந்தார்கள். தங்கூசியை இடம் மாற்றிக் கட்டியிருந்தது மூளைக்குத் தெரியவில்லை.