கிணத்துத் தண்ணியும் முருகைக்கல் தொட்டியும்

இரவு ஒன்பதரை இருக்கும், கோண்டாவிலில் இருந்து ஒரு ஐயா போன் எடுத்தார். "தம்பி, தொட்டி முழுக்கப் பால் மாதிரி வந்திட்டுது. ஒருக்கா வந்திட்டுப் போவீரோ?" ஓய்வுபெற்ற ஆசிரியர். 200 லீற்றர் கடல்நீர்த் தொட்டி. அதில் மென்முருகைகள் கொஞ்சம், கல்லில் ஊதாப் படையாய்ப் படரும் சுண்ணாம்புப் பாசி, இரண்டு கோமாளி மீன்.

போய்ப் பார்த்தால் உள்ளே இருக்கிற கல்லே தெரியவில்லை. ஹீற்றரைத் தூக்கினேன், அடுப்படிக் கேத்திலின் அடியில் இருக்குமே, அதே வெள்ளைப்படை. "கல்சியம் காணாது எண்டு பின்னேரம் அரைப் போத்தல் விட்டனான்," என்றார். அளந்து பார்த்தேன். கேஎச் 14. கல்சியம் 350.

பதினான்கு என்றால் என்னவென்று சொல்லவேண்டும். கேஎச் என்பது காரத்தன்மை, தண்ணீரில் கரைந்திருக்கும் காபனேற்று வகைகளின் அளவு. திறந்த கடலில் அது ஏறத்தாழ 7. கல்சியம் லீற்றருக்கு 410 மில்லிகிராம் அளவில், மக்னீசியம் 1,300 அளவில். வீட்டுத் தொட்டிக்கு கேஎச் 8 – 9, கல்சியம் 400 – 450 என்று வைத்துக்கொண்டால் போதும். கல்சியமும் காபனேற்றும் சேர்ந்தால்தான் முருகைக்கு எலும்புக்கூடு. ஆனால் இரண்டையும் அளவுக்கு மிஞ்சி விட்டால் முருகை கட்டும்வரை அவை காத்திருக்காது. தண்ணீரிலேயே கட்டிக்கொண்டு ஹீற்றரிலும் பம்பிலும் போய்ப் படியும். மக்னீசியம் ஓரளவுக்கு அதைத் தடுத்து வைத்திருக்கும். 14இல் இருக்கிற தண்ணீருக்குள் அரைப் போத்தல் கல்சியத்தை ஒரேயடியாக ஊற்றினால் மக்னீசியமும் கைவிட்டுவிடும். ஐயாவின் தொட்டி பாலானது இப்படித்தான்.

சரி, 14 எங்கிருந்து வந்தது?

"ஆவியாப் போற தண்ணிக்கு என்ன விடுறனீங்கள் ஐயா?"

"கிணத்துத் தண்ணிதான். எங்கட தண்ணியில சுண்ணாம்பு நிறைய இருக்குதெல்லோ, முருகைக்கல்லுக்கு நல்லதுதானே?"

இந்தக் கேள்வியை யாழ்ப்பாணத்தில் நான் கேட்காத வீடு இல்லை. கேட்பவர்களில் பிழையும் இல்லை. குடாநாட்டுக்கு அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். மழைத்தண்ணீர் அதற்குள்ளால் இறங்கி, கல்லைக் கரைத்துக்கொண்டுதான் கிணற்றுக்கு வருகிறது. அந்தக் கல்லை வெட்டித்தான் காங்கேசன்துறையில் சீமெந்தே செய்தார்கள். ஆக, கிணற்றில் சுண்ணாம்பு இருப்பது உண்மை. எவ்வளவு இருக்கிறது, தொட்டிக்கு எவ்வளவு வேண்டும் என்பதைத்தான் யாரும் பார்ப்பதில்லை.

ஐயாவின் கிணற்றுத் தண்ணீரை அங்கேயே அளந்தேன். கேஎச் 16. சித்திரை மாதம், தொட்டிக்கு மேல் மின்விசிறி ஓடுகிறது, நாளுக்கு நாலு லீற்றர் ஆவியாகிறது. ஆவியாகும்போது தண்ணீர்தான் போகும், கரைந்திருப்பது உள்ளேயே நிற்கும். நாலு லீற்றரை 16ஆல் பெருக்கி 200ஆல் பிரித்தால் 0.32. ஒவ்வொரு நாளும் கேஎச் 0.32 ஏறுகிறது, பத்து நாளில் மூன்றுக்கு மேல். அந்தச் சின்னத் தொட்டியின் மென்முருகைகளும் பாசியும் இதில் பாதியையும் எடுக்காது.

இதைத் தெரியாமல் கொடுக்கிற மருந்து என்றுதான் நான் சொல்லுவேன். அதுவும் ஒரே அளவில் நிற்காத மருந்து. மாரியில் மழை இறங்கினால் கிணறு ஒரு மாதிரி, கோடையில் சவர் ஏறினால் வேறு மாதிரி. கடற்கரைப் பக்கத்துக் கிணறென்றால் உப்பும் கூடவே வரும்.

நைத்திரேற்றும் இருக்கிறது. வலிகாமத்தில் வெங்காயம், புகையிலைத் தோட்டங்களுக்குப் போட்ட பசளையும் மலசலகூடக் குழிகளும் கிணறுகளில் நைத்திரேற்றை ஏற்றியிருப்பது இங்கே பழைய கதை. குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த மேல்வரம்பு லீற்றருக்கு 50 மில்லிகிராம். அந்த வரம்பைத் தாண்டாத கிணறு என்றே வைப்போம். 50 உள்ள தண்ணீரை நாளுக்கு நாலு லீற்றர் விட்டால் மாதத்தில் தொட்டியில் 30 சேரும். பச்சைப் பாசி தலைமயிர் மாதிரித் தொங்குவது பெரும்பாலும் இதனால்தான். அதற்கு லைற்றைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

எனவே ஆர்ஓ தண்ணீர், அதாவது மென்சவ்வால் வடித்து, கரைந்திருப்பதைப் பெரும்பாலும் நீக்கிய தண்ணீர். இப்போது ஊர்களிலேயே பிளாஸ்டிக் கான்களில் விற்கிறார்கள். வாங்கும்போது, தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் ரீடிஎஸ் மீற்றர் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். வடிகட்டி பழசானால் ஆர்ஓ என்ற பெயர் மட்டும்தான் மிஞ்சும்.

ஐயாவின் தொட்டிக்கு அன்றிரவு நான் ஒன்றும் ஊற்றவில்லை. பம்பைக் கழுவி ஓடவிட்டேன், அவ்வளவுதான். 14ஐ ஒரே நாளில் 8க்கு இழுத்தால் முருகைக்கு அது இரண்டாவது அடி. கேஎச் 8இல் கலக்கிய புதுக் கடல்நீரால் பத்தில் ஒரு பங்கை மாற்றினால் முதல்முறை 0.6 இறங்கும். நாலைந்து நாளுக்கொருமுறை அப்படி மாற்றுங்கள், எல்லாப் போத்தலையும் அலுமாரிக்குள் வையுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

எவ்வளவு சேர்க்கவேண்டும் என்பதைத் தொட்டியே சொல்லும். ஆர்ஓ மட்டும் விட்டு, வேறொன்றும் சேர்க்காமல், இன்று பின்னேரம் ஆறு மணிக்கு கேஎச்சைப் பாருங்கள். மூன்று நாள் கழித்து அதே ஆறு மணிக்குப் பாருங்கள். 8.6 இருந்தது 7.7 ஆகியிருந்தால் நாளுக்கு 0.3 செலவு. அதே நேரத்தில் கல்சியம் எவ்வளவு போயிருக்கும்? கேஎச் ஒன்று போனால் கல்சியம் ஏழளவில் போகும், ஆக நாளுக்கு இரண்டு. துளி துளியாய் மருந்து விட்டு, நிறம் மாறும்வரை எண்ணி அளக்கிற எந்தக் கிட்டாலும் 420க்கும் 418க்கும் வித்தியாசம் காட்ட முடியாது. இதனால்தான் கல்சியத்தைத் துரத்தாதீர்கள், கேஎச்சைப் பாருங்கள் என்று வருகிற எல்லாருக்கும் சொல்கிறேன். கேஎச் கிழமைக்கொருமுறை, கல்சியம் மாதத்துக்கொருமுறை போதும்.

0.3ஐ ஈடுகட்ட 200 லீற்றருக்கு 1.8 கிராம் அப்பச்சோடா. 100 லீற்றரில் கேஎச் ஒன்றை ஏற்ற மூன்று கிராம் என்று நினைவில் வையுங்கள். பேக்கிங் பவுடர் வேறு, அது கூடாது. கல்சியம் குளோரைட்டு சேர்ப்பதென்றால் ஒன்றைக் காலையிலும் மற்றதைப் பின்னேரமும் விடுங்கள்.

வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்து விடலாமா என்று ஒரு அம்மா கேட்டா. கேள்வி நல்லது, சுண்ணாம்புத் தெளிவு இந்தத் தொழிலில் பழைய வழி. கல்சியத்தையும் காரத்தையும் வேண்டிய விகிதத்திலேயே தருவது அது. ஆனால் கடைச் சுண்ணாம்பில் என்ன கலந்திருக்கிறதென்று தெரியாது. உணவுத் தரமான கல்சியம் ஐதரொட்சைட்டு வாங்குங்கள். ஒரு லீற்றர் ஆர்ஓவில் இரண்டு கிராம் போட்டுக் குலுக்கி, மூடி, இரவு முழுக்க அடைய விடுங்கள். மேலே நிற்கும் தெளிவு மட்டும் தொட்டிக்கு, அடியில் கிடக்கும் மண்டி வேண்டாம். 200 லீற்றருக்கு அரை லீற்றர் தெளிவு 0.3க்குச் சரிவரும். பார்மசியில் விற்கிற சேலைன் குழாயால் சொட்டுச் சொட்டாக இரவில் விடுங்கள். அந்தத் தெளிவு கடுங்காரம், பிஎச் 12க்கு மேல், கண்ணில் பட்டால் கண்ணுக்கு ஆபத்து. கரண்ட் போனால் குழாயை உடனே பூட்டுங்கள், பம்ப் நின்ற தண்ணீரில் அது ஒரே இடத்தில் தேங்கும்.

கடலில் உடைத்த வன்முருகைத் துண்டைக் கொண்டுவந்து "இது வளருமோ" என்று கேட்பவர்களும் உண்டு. தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி அது குற்றம். அப்படியான தொட்டியில் நான் கை வைப்பதில்லை.

ஐயாவிடம் திரும்ப வருகிறேன். கிணறு மட்டும் இல்லை, கிழமைதோறும் பிஎச் கூட்டும் போத்தல் ஒன்றும் விட்டிருக்கிறார். காபனேற்றுத்தான் அது. ஏன் விட்டார் என்பது மூன்றாம் முறை போனபோதுதான் பிடிபட்டது. 10 லீற்றர் ஆர்ஓவில் மூன்று கிராம் அப்பச்சோடா கரைத்தால் கேஎச் 10 காட்டவேண்டும், கிட்டைச் சோதிக்க நான் வைத்திருக்கும் வழி அது. என்னுடைய கிட்டில் பத்தாவது துளியில் நீலம் மஞ்சளானது. அவருடையதில் ஏழாவது துளியிலேயே மாறிவிட்டது. யன்னலோரம் வெயிலில், மூடி இறுகாமல், ஒன்றரை வருடமாக இருந்த போத்தல். உள்ளே இருந்த தண்ணீர் ஆவியாகி மருந்து தடித்துப்போயிருந்தது. அதனால் குறைந்த துளியிலேயே நிறம் மாறி, கேஎச் குறைவென்று காட்டியிருக்கிறது.