பெரிய ஆக்ஸில் போடுவதற்கு முன்

"இன்ஜினுக்குப் பவர் ஏத்தியாச்சு. ஆக்ஸிலையும் பெருசா மாத்திடலாமா?" பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் பட்டறைக்குள் வந்ததும் கேட்பது இதைத்தான். நான் திருப்பிக் கேட்பது: கழற்றிய பழைய ஷாஃப்ட் (சக்கரத்தைச் சுழற்றும் ஆக்ஸில் தண்டு) எங்கே?

அது முறிந்திருந்தால், முறிந்த முகத்தைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். ஸ்ப்லைன் பற்கள் (தண்டின் முனையில் நீளவாக்கில் வெட்டியவை) திருகிக்கொண்டு நின்றால், அந்த ஷாஃப்ட் தன் சக்திக்கு மீறிய முறுக்குவிசையைக் கண்டிருக்கிறது. திருகலே இல்லாமல், ஒரு புள்ளியிலிருந்து வரிவரியாக விரியும் கோடுகள் தெரிந்தால் அது உலோகச் சோர்வு. துருக்குழியிலோ சர்க்ளிப் என்ற பூட்டு வளையம் உட்காரும் பள்ளத்திலோ யாரோ போட்ட கிரைண்டர் கீறலிலோ தொடங்கி, நாள்பட வளர்ந்த விரிசல். முதல் வகைக்கு வலுவான ஷாஃப்ட் வேண்டும். இரண்டாவதற்குப் பழைய அளவிலேயே பழுதில்லாத ஒன்று போதும்.

ஆக்ஸிலுக்கு எவ்வளவு விசை போகிறது என்பதையும் பலர் இன்ஜினை மட்டும் வைத்தே கணக்கிடுகிறார்கள். 200 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தரும் இன்ஜின், முதல் கியர் விகிதம் 3.5, டிஃபரன்ஷியல் (விசையை இரு சக்கரங்களுக்கும் பிரிக்கும் பற்சக்கரத் தொகுதி) விகிதம் 3.9 என்று வையுங்கள். பெருக்கினால் 2,730. இரண்டு பக்கமும் பிரிந்தால் ஒரு ஷாஃப்டுக்கு 1,365. ஆனால் ஒரு சக்கரத்தின் மேல் 350 கிலோ பாரம், டயரின் ஆரம் 30 சென்டிமீட்டர், உராய்வுக் கெழு (டயருக்கும் சாலைக்கும் உள்ள பிடிப்பின் அளவு) 1 என்றால், ஏறக்குறைய 1,030 நியூட்டன் மீட்டரிலேயே டயர் வழுக்கிவிடும். அதாவது முதல் கியரில் ஆக்ஸிலைக் காப்பாற்றுவது டயரின் வழுக்கல்தான். இன்ஜினில் கொஞ்சம் பவர் கூட்டியவரைவிட, தரையைக் கவ்வும் பந்தய டயர் மாட்டிக்கொண்டு கிளட்சைப் பட்டென்று விடுபவரே ஷாஃப்டை அதிகம் வதைக்கிறார். ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் தடுக்கும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலும் இருந்தால், பாதிக்கு மேற்பட்ட விசை ஒரே பக்கம் போகக்கூடும்.

தடிமன் விஷயத்தில் ஒரு நல்ல செய்தி. முறுக்கைத் தாங்கும் வலு விட்டத்தின் மும்மடிக்கு (விட்டம் × விட்டம் × விட்டம்) ஏற்பக் கூடும். 22 மில்லிமீட்டரை 25 ஆக்கினால், அதே உலோகத்தில் ஏறக்குறைய 47 சதவீதம் கூடுதல் வலு. ஆனால் நடுத்தண்டு மட்டும் பருத்து, ஸ்ப்லைன் பள்ளத்தின் அடி விட்டம் பழையபடியே இருந்தால் பயனில்லை, அங்கேதான் முறியும். பந்தய ஷாஃப்டுகளில் நடுப்பகுதியை ஸ்ப்லைனின் அடி விட்டத்தைவிடச் சற்று மெலிதாகவே கடைவார்கள். முறுக்கம் தண்டின் நீளம் முழுக்கப் பரவி, ஸ்ப்லைனின் ஓரத்தில் குவியாமல் இருப்பதற்காக. "4340 ஸ்டீல்", "300எம்" என்று விளம்பரத்தில் பார்த்ததும் மயங்க வேண்டாம். இரண்டும் நல்ல உலோகங்களே. ஆனால் வெப்பப் பதப்படுத்தல் சரியில்லை என்றால் அந்தப் பெயருக்கு மதிப்பில்லை. விற்பவரிடம் கடினத்தன்மை அளவைக் கேளுங்கள். சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.

இனி நான் மிகவும் அஞ்சும் விஷயம். எல்லாக் காரிலும் யு-ஜாயின்டை (சிலுவைத் துண்டால் மடங்கும் பழைய இணைப்பு) எடுத்துவிட்டு சி.வி. ஜாயின்டை (வளைந்தாலும் சீரான வேகத்தில் சுழலும் இணைப்பு) போட்டுவிட முடியாது. 1961-இல் வந்த ஜாகுவார் ஈ-டைப், 1963-இல் பின்சக்கரங்கள் தனித்தனியே அசையும் சஸ்பென்ஷனுக்கு மாறிய கார்வெட், இரண்டிலும் பின்சக்கரத்தின் மேல் கையாக (சக்கரத்தின் மேல்பகுதியைப் பிடித்து நிறுத்தும் தண்டாக) வேலை செய்வதே அந்த ஆக்ஸில் ஷாஃப்ட்தான். அதன் நீளம் மாறவே கூடாது. உள்ளே வெளியே நகரும் சி.வி. ஜாயின்டை அங்கே வைத்தால், சக்கரத்தை மேலே பிடித்து நிறுத்த எதுவும் இருக்காது. தனியாக ஒரு மேல் கை பொருத்தாமல் இந்த மாற்றத்தைச் செய்வது ஆளைக் கொல்லும் வேலை.

டிரையம்ஃப் டிஆர்6 காரின் கதை வேறு. அதன் ஷாஃப்ட் நீள்வதும் குறுகுவதும் நடுவிலுள்ள வழுக்கும் ஸ்ப்லைனால். பெடலை அழுத்தும்போது முறுக்குவிசையில் அது இறுகிக்கொள்ளும். விட்டதும் சட்டென்று விடுபட்டு, வளைவில் காரின் பின்புறத்தை உதறும். இங்கே சி.வி.க்கு மாறுவது வெறும் வலுவுக்காக அல்ல, ஓட்டுவதே மாறிவிடும். லோட்டஸ் எலானில் இன்னொரு விதம்: ரப்பர் கப்ளிங்குகள் விசையின் அதிர்ச்சியை விழுங்கிக்கொள்ளும். சி.வி. போட்டதும் ரப்பரால் வரும் துள்ளல் போய்விடும், ஆனால் அந்த அதிர்ச்சி நேராக டிஃபரன்ஷியலுக்குப் போகும். ஆக்ஸில் மலிவு, டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் ரிங் கியர் என்ற பெரிய பற்சக்கரம் மலிவல்ல. எது முதலில் உடைய வேண்டும் என்று முடிவு செய்துவிட்டுத்தான் நான் ஸ்பேனரை எடுப்பேன்.

ஷாஃப்ட் உடைந்து வரும் கார்களைவிட ஜாயின்ட் தேய்ந்து வரும் கார்கள்தான் அதிகம். காரணம் பெரும்பாலும் கோணமும் கிரீஸும். காரின் உயரத்தைக் குறைத்ததும் ஜாயின்ட் எப்போதும் வளைந்த நிலையிலேயே சுழல்கிறது. சி.வி. ஜாயின்டுக்குள் இருக்கும் பந்துகள் ஒவ்வொரு சுற்றிலும் முன்னும் பின்னும் உருண்டு சூடேறும். கிரீஸ் என்றால் ஜாயின்ட் தயாரிப்பாளர் சொல்லும் வகை மட்டுமே. பந்து வைத்த சி.வி. ஜாயின்டுக்குப் பொதுவாக மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்தது. சக்கர பேரிங் கிரீஸ் அதற்கு மாற்றாகாது. பழைய கிரீஸை முழுவதும் கழுவாமல் புதியதை மேலே அடைப்பதும் கூடாது.

போல்டு விஷயம் சின்னதாகத் தெரியும், ஆனால் நடுவழியில் ஷாஃப்ட் கழன்று தொங்குவது இதனால்தான். ஃபிளாஞ்ச் ஜாயின்டில் (தட்டையான இரு முகங்களைப் போல்டால் சேர்க்கும் இணைப்பில்) முறுக்குவிசையைக் கடத்துவது முக்கியமாக இரண்டு உலோக முகங்களின் உராய்வு. போல்டின் வேலை அவற்றை அழுத்திப் பிடிப்பது. முகத்தில் கிரீஸ் பட்டிருந்தால் உராய்வு குறைந்து, போல்டு தளர ஆரம்பிக்கும். இரு முகங்களையும் மரைத் துளைகளையும் கரைப்பானால் துடையுங்கள், புதிய போல்டு போடுங்கள், டார்க் ரெஞ்சில் இறுக்குங்கள்.

பொருத்தி முடித்ததும் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, சக்கரத்தை முழுதாக மேலேயும் முழுதாகக் கீழேயும் கொண்டுபோய், ஒவ்வொரு நிலையிலும் கையால் சுழற்றிப் பாருங்கள். எந்த முனையிலும் ஜாயின்ட் முட்டக் கூடாது, பூட் (ஜாயின்டை மூடும் ரப்பர் உறை) சைலன்சர் குழாயைத் தொடக் கூடாது. பிறகு கார் தன் எடையில் நிற்கும்போது பூட் உறையின் சிறிய கிளாம்பை இறுக்குமுன், உள்ளே அடைபட்ட காற்றை மெல்லிய திருப்புளியை நுழைத்து வெளியேற்றுங்கள். முதல் சிறு ஓட்டம் முடிந்து எல்லாம் ஆறியதும் போல்டுகளின் இறுக்கத்தை மறுபடி சரிபாருங்கள்.