சேர்ந்து எழுதும் தேர்வு: இணைய வகுப்பில் அதை நடத்துவது எப்படி?

இணைய வகுப்பில் தேர்வு வைக்கும் எவருக்கும் முதலில் வரும் கவலை, மாணவர்கள் பேசிவைத்துக்கொண்டு எழுதிவிடுவார்களே என்பதுதான். அந்தப் பேச்சுக்கே தேர்வுக்குள் இடம் கொடுத்து மதிப்பெண்ணும் கொடுக்கும் முறை ஒன்று உண்டு. முதலில் ஒவ்வொருவரும் தனியாக எழுதிச் சமர்ப்பிக்க வேண்டும். விடைகள் வெளியாவதற்கு முன்பே, மூன்று நான்கு பேராகச் சேர்ந்து அதே கேள்விகளைப் பேசி, குழுவுக்கு ஒரே விடையாகக் கொடுக்க வேண்டும். இதுதான் இரு கட்டத் தேர்வு. இயற்பியலுக்கு நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமனும் அவருடைய சகாக்களும் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இதை நடத்திய விதத்தை 2014-இல் விளக்கி எழுதினார்கள். அங்கே காகிதத்தில் நடந்ததை இணையத்துக்குக் கொண்டுவரும்போது எது தவறும், ஏன் தவறும் என்று பார்க்கலாம்.

முதலில், இது எப்படி வேலை செய்கிறது? ஒரு கேள்வி: மேல்நோக்கி எறிந்த பந்து உச்சியை அடையும் கணத்தில் அதன் முடுக்கம் என்ன? தனியாக எழுதும்போது நால்வரில் மூவர் ‘சுழியம்’ என்று குறித்திருக்கலாம். குழுவில் ஒருவர், “அங்கே வேகமே இல்லையே, அப்புறம் முடுக்கம் எப்படி இருக்கும்?” என்பார். இன்னொருவர், “முடுக்கமும் இல்லேன்னா பந்து அங்கேயே நின்னுடணுமே, ஏன் கீழே வருது?” என்று கேட்பார். அந்த இடத்தில்தான் பாடம் நடக்கிறது. ஆனால் இந்த வாக்குவாதம் வரவேண்டுமானால், நால்வரும் ஏற்கெனவே ஒரு விடையை எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். நேராகக் குழுவில் உட்கார வைத்தால், முதலில் வாய்திறப்பவர் சொல்வதுதான் விடை, மற்றவர்கள் தலையாட்டுவார்கள்.

‘நன்றாகப் படிப்பவரைப் பார்த்து மற்றவர்கள் எழுதிக்கொள்கிறார்கள், அவ்வளவுதானே?’ என்ற சந்தேகம் நியாயமானது. கொலராடோ பல்கலைக்கழகத்தில் மிஷெல் ஸ்மித் குழுவினர் இதைச் சோதித்து 2009-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். மாணவர்கள் ஒரு கேள்விக்குத் தனியே விடை சொல்லி, பேசி, மறுபடி சொன்ன பிறகு, அதே கருத்தை வேறு உருவில் கேட்கும் இன்னொரு கேள்விக்குத் தனியாகவே விடை சொன்னார்கள். அதிலும் முன்னேற்றம் தெரிந்தது. வெறுமனே பார்த்து எழுதியிருந்தால் அடுத்த கேள்வியில் அது உதவியிருக்காது.

எல்லாக் கேள்வியும் குழுவுக்கு ஏற்றதன்று. நினைவிலிருந்து பட்டியல் எழுதச் சொல்லும் கேள்விகளைத் தவிர்த்துவிடுங்கள். பலர் சேர்ந்து நினைவுகூரும்போது ஒருவர் பேச்சு மற்றவரின் நினைவோட்டத்தை அறுத்துவிடும்; தனித்தனியே எழுதி ஒன்றுசேர்த்தால் கிடைப்பதைவிடக் குறைவாகவே வரும் என்பது உளவியலில் உறுதியான முடிவு. தனியாக எழுதும்போது சுமார் 30 முதல் 70 சதவீதம் பேர் சரியாகச் சொல்லக்கூடிய, காரணம் கேட்கும் கேள்விகளே இதற்கு உகந்தவை. அதைவிட எளிது என்றால் பேச ஒன்றும் இருக்காது. அதைவிடக் கடினம் என்றால் பேச யாருக்கும் தெரியாது.

90 நிமிடத் தேர்வில் 55 நிமிடம் தனி எழுத்துக்கு, 5 நிமிடம் மாறுவதற்கு, 30 நிமிடம் குழுவுக்கு என்று வைக்கலாம். கேள்விகள் ஏற்கெனவே பழகியவை என்பதால் இரண்டாம் கட்டம் வேகமாகவே போகும். முதல் தாளில் 20 கேள்வி இருந்தால் அவற்றில் 12 போதும்.

இனி அமைப்புகள். இணையத்தில் பாடமும் தேர்வும் நடத்த உதவும் மூடுல் (Moodle) தளத்தை எடுத்துக்கொள்வோம். தனி எழுத்துத் தேர்வின் மீள்பார்வை அமைப்பில், எழுதி முடித்த உடனேயும் தேர்வு திறந்திருக்கும் வரையிலும் மதிப்பெண், சரியான விடை, பின்னூட்டம் எதுவும் தெரியாதபடி அவற்றுக்கு நேரே உள்ள கட்டங்களின் தேர்வுக் குறிகளை எடுத்துவிடுங்கள். இதை மறந்தால் மாணவர்கள் விடையைக் கையில் வைத்துக்கொண்டு குழுவுக்குள் நுழைவார்கள். இரண்டாம் கட்டத்துக்கு இரண்டு பூட்டுகள் வேண்டும்: முதல் தேர்வை முடித்தவர்களுக்கு மட்டும், அதுவும் குறித்த மணிக்குப் பிறகு மட்டும் திறக்க வேண்டும். முதல் பூட்டு மட்டும் இருந்தால், 30 நிமிடத்தில் முடித்தவர் இரண்டாம் தேர்வைத் திறந்து, அங்கே கிடைக்கும் விடைகளை இன்னும் எழுதிக்கொண்டிருப்பவருக்கு அனுப்பிவிட முடியும்.

அந்த இரண்டாம் தேர்வில் ‘பல முயற்சிகளுடன்’ இயங்கும் முறையைத் தேர்ந்தெடுங்கள். விடை தவறு என்றால் உடனே தெரியும். குழு மறுபடி பேசி மீண்டும் முயலலாம். இங்கே பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று: எத்தனை முயற்சி என்பதைக் கேள்வியில் சேர்க்கும் குறிப்புகளின் எண்ணிக்கைதான் முடிவு செய்கிறது. இரண்டு குறிப்பு இருந்தால் மூன்று முயற்சி; குறிப்பே இல்லையென்றால் ஒரே முயற்சி. குறிப்பில் ‘இன்னொரு முறை பேசிப் பாருங்கள்’ என்று எழுதினாலே போதும். தண்டம், அதாவது ஒவ்வொரு தவறான முயற்சிக்கும் கழியும் மதிப்பெண், வழக்கமாக 33.33 சதவீதம் என்று இருக்கும். முதல் முறை சரியென்றால் முழு மதிப்பெண், இரண்டாவதில் மூன்றில் இரண்டு பங்கு, மூன்றாவதில் மூன்றில் ஒரு பங்கு.

கேள்வி வரிசையையும் விடைத் தெரிவுகளையும் கலைத்துப் போடும் வசதி முதல் கட்டத்தில் நல்லது, இரண்டாம் கட்டத்தில் கேடு. ஒருவர் ‘ஐந்தாவது கேள்விக்கு இ’ என்பார். மற்றவர் திரையில் ஐந்தாவது வேறு, இ-யும் வேறு. பத்து நிமிடம் அதிலேயே கரைந்துவிடும். கலைப்பதை நிறுத்திவிட்டு, குழுக் கேள்விகளை ஒரே வடிவில் பிடிஎஃப் கோப்பாக எல்லோருக்கும் அதே மணிக்குத் திறந்துவிடுங்கள்.

மூடுலின் வினாடி வினா ஒவ்வொருவர் கணக்கிலும் தனித்தனியே நடப்பது. குழுவில் எல்லோரும் அதைத் திறந்தால், ஒருவர் முந்திச் சென்று விடையைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்து சொல்லலாம். எனவே குழுவுக்கு ஒருவர் மட்டுமே பதிவிடுபவர். எல்லாக் குழுக்களின் பதிவிடுபவர்களையும் மூடுலில் ஒரு தனிக் குழுவாக்கி, அந்தக் குழுவுக்கு மட்டும் இரண்டாம் தேர்வைத் திறக்க வேண்டும். மதிப்பெண்ணை மற்ற உறுப்பினர்களுக்கு நீங்கள்தான் விரிதாளில் நிரப்ப வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் தவிர்க்க முடியாதது. விரிவாக எழுதும் விடைகள் என்றால் ‘ஒப்படைப்பு’ பகுதியில் குழுச் சமர்ப்பிப்பு இருக்கிறது. அதில் ஒருவர் கொடுத்தால் மதிப்பெண் எல்லோருக்கும் போய்ச் சேரும்.

குழுவில் நால்வர் சிறந்தது. ஐவரானால் ஒருவர் ஒலியை அணைத்துவிட்டு மறைந்துவிடுகிறார். நேரில் என்றால் அவர் முகமாவது தெரியும். இருவரில் ஒருவருக்கு இணையம் போனால் குழுவே இல்லை. குழுக்கள் தனித்தனியே பேசுவதற்கான ஜூம் அறைகளைத் தேர்வன்று தானாகப் பிரிக்க விடாமல் முன்பே ஒதுக்கி வையுங்கள். பாடம் முழுவதும் அதே நால்வர் என்றால் கூச்சம் குறையும். முடிய 5 நிமிடம் இருக்கும்போது எல்லா அறைகளுக்கும் செய்தி அனுப்புங்கள். பதிவிடுபவரின் இணைப்பு அறுந்தால் வேறொருவர் அதே முயற்சியைத் தொடர முடியாது. அவர் கைப்பேசி வழியாகவாவது மறுபடி உள்ளே வரட்டும். அதுவரை முடிவான விடைகளை இன்னொருவர் பொது ஆவணத்தில் குறித்து வைக்கட்டும்.

மதிப்பெண்ணில் தனித் தேர்வுக்கு 85, குழுவுக்கு 15 சதவீதம் என்பது நல்ல பங்கீடு. தனியாக 62, குழுவில் 90 எடுத்தவருக்கு 52.7 + 13.5, அதாவது 66.2. தனியாக 92 எடுத்தவரின் குழு 88 எடுத்தால் அவருக்கு 92 அப்படியே நிற்க வேண்டும். குழுவால் யாருக்கும் மதிப்பெண் குறையக் கூடாது. இந்த விதியைத் தேர்வுக்கு முன்பே எழுத்தில் சொல்லிவிட்டால் நன்றாகப் படிக்கும் மாணவர்களின் எதிர்ப்பு பெரும்பாலும் அடங்கிவிடும். குழுக் கட்டத்துக்கு வர முடியாதவருக்கும் இதே வழிதான்: தனி மதிப்பெண்ணே 100 சதவீதமாகக் கணக்காகும்.